லேப்டாப்பை வைத்துவிட்டு டேப்லெட்டோடு சபை ஊழியம்: புதியவர்களுக்கான செய்முறை

பிரசங்கக் குறிப்பு, வேதாகமம், பாடல் வரிகள், ஞாயிறு பள்ளிப் பாடம், வருகைப் பதிவு, ஜெப விண்ணப்பங்கள். ஒரு போதகரோ சபை ஊழியரோ கணினியில் பார்க்கும் வேலை பெரும்பாலும் இவ்வளவுதான். இதில் எதற்கும் லேப்டாப் கட்டாயம் இல்லை. ஆனால் வாங்கிய கையோடு டேப்லெட்டைப் பிரசங்க பீடத்துக்கு எடுத்துப்போனால் தடுமாற்றம்தான். கொஞ்சம் முன்கூட்டியே தயார்செய்ய வேண்டும்.

அதற்கு முன் ஒரு எல்லைக்கோடு. ஆராதனைத் திரைக்குப் பாடல் போடும் ப்ரோபிரசென்டர், ஈஸிவொர்ஷிப், நேரலைக்கான ஓபிஎஸ் எல்லாம் கணினிக்காகவே எழுதப்பட்டவை. டேப்லெட்டில் ஓடாது. ஆகவே ஊடகக் குழுவின் மேசையில் இருக்கும் கணினி அங்கேயே இருக்கட்டும். நாம் மாற்றப்போவது உங்கள் தோள்பையில் இருக்கும் லேப்டாப்பை மட்டும்தான்.

படி 1: பார்த்து வாங்குங்கள்

திரை 10 அல்லது 11 அங்குலம் இருக்கட்டும். அதைவிடச் சிறியது என்றால் பீடத்தில் நின்று வாசிக்கும்போது கண் இடுங்கும். பெரியது என்றால் வீட்டுச் சந்திப்புக்குத் தூக்கிப்போக மனம் வராது.

ப்ரொஜெக்டரில் இணைக்கும் எண்ணம் உண்டா? அப்படியானால் யுஎஸ்பி-சி துளை வழியாகப் படம் வெளியே போகுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். துளை பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனால் விலை குறைந்த ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகள் பலவற்றில் சார்ஜ் ஏறும், கோப்பு நகலாகும், படம் மட்டும் வராது. விவரப் பட்டியலில் டிஸ்ப்ளேபோர்ட் என்று எழுதியிருந்தால் நல்லது. யுஎஸ்பி-சி உள்ள ஐபேடுகளில் இந்தக் கவலை இல்லை.

படி 2: பழைய குறிப்புகளைக் கொண்டுவருதல்

தமிழில் ஊழியம் செய்பவர்களுக்கு நேரம் பிடிப்பது இந்த வேலைதான். பழைய பிரசங்கங்களைப் பாமினி போன்ற எழுத்துருவில் தட்டச்சு செய்திருப்பீர்கள். லேப்டாப்பில் அந்த எழுத்துரு இருப்பதால் அழகாகத் தெரியும். அதே கோப்பை டேப்லெட்டில் திறந்தால் ஆங்கில எழுத்துகளாகக் கொட்டிக் கிடக்கும். பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளி விசைதான். அதனால் 'கர்த்தர்' என்ற ஒரு சொல்லிலேயே மூன்று அரைப்புள்ளிகள் நிற்கும். கோப்பு கெட்டுப்போகவில்லை, பயப்பட வேண்டாம்.

வழி இரண்டு. வாசித்தால் மட்டும் போதும் என்ற குறிப்புகளை லேப்டாப்பிலேயே திறந்து பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள். எழுத்துரு உள்ளேயே சேர்ந்துவிடும், எந்தக் கருவியிலும் சரியாகத் தெரியும். திரும்பத் திருத்தி எழுதப்போகும் குறிப்புகளை, எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துமுறையான யுனிகோடுக்கு மாற்றியாக வேண்டும். இணையத்தில் இலவச மாற்றிகள் நிறைய இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒருமுறை முழுதாக வாசியுங்கள். இடையிடையே ஆங்கிலச் சொற்கள் இருந்திருந்தால் அவையும் சேர்ந்து மாறி, அர்த்தமில்லாத தமிழாக நிற்கும். அப்புறம் ஒன்று: ஆலோசனைக்கு வந்தவர்களின் கடிதங்களை இணைய மாற்றியில் ஒட்டாதீர்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற உட்கார வேண்டாம். இந்த மாதம் தேவைப்படுபவை போதும்.

கோப்புப் பெயரை வேதாகம வரிசையிலேயே வைக்கலாம். சங்கீதம் 19ஆம் புத்தகம், ரோமர் 45ஆவது. எனவே '19 சங்கீதம் 023', '45 ரோமர் 08' என்று பெயரிட்டால் ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தல் வரை கோப்புகள் தாமாகவே வரிசையாக நிற்கும். முதல் ஒன்பது புத்தகங்களுக்கு 01, 02 என்று பூச்சியம் சேர்க்க மறக்காதீர்கள்.

படி 3: வேதாகமமும் தட்டச்சும்

யூவெர்ஷன் போன்ற செயலிகளில் தமிழ் வேதாகமம் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் எல்லாப் பதிப்புகளையும் தரவிறக்க முடியாது, வெளியீட்டாளர் அனுமதித்தவை மட்டுமே கிடைக்கும். நீங்கள் வாசிக்கும் பதிப்பு இணையம் இல்லாமல் திறக்கிறதா என்று வைஃபையை அணைத்துப் பாருங்கள். கூகுள் டாக்ஸில் எழுதுபவர்களும் தேவையான கோப்புகளை ஆஃப்லைனில் கிடைக்கும்படி குறித்து வைக்க வேண்டும்.

ஐபேடில் தமிழ்99, அஞ்சல் இரண்டு விசைப்பலகைகளும் உள்ளேயே இருக்கின்றன. ஆண்ட்ராய்டில் ஜிபோர்டு போதும். நீளமாக எழுதுபவர் என்றால் புளூடூத் விசைப்பலகை வாங்கிவிடுங்கள். திரையில் தட்டியே முழுப் பிரசங்கமும் எழுதுவது தண்டனை.

படி 4: பீடத்துக்கான பிரதி

எழுதிய கோப்பை அப்படியே திறந்து வைத்துப் பிரசங்கிக்க வேண்டாம். விரல் பட்டால் விசைப்பலகை எழும்பும், வரி அழியும். பக்க அளவை ஏ5 ஆக்குங்கள். எழுத்தின் அளவு 18 பாயிண்டுக்குக் குறையாமல், ஓரம் குறுகலாக வைத்து பிடிஎஃப் எடுங்கள். வாசிப்பு முறையை, மேலிருந்து கீழே உருளாமல் பக்கம் பக்கமாகத் திரும்பும்படி மாற்றுங்கள். உருளும் திரையில் சபையை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்தால் விட்ட இடம் தெரியாது. மேற்கோள் வசனங்களைக் குறிப்புக்குள்ளேயே முழுதாகப் போட்டுவிடுங்கள். பிரசங்கத்தின் நடுவில் செயலி மாற்றித் தேடுவது உங்களுக்கும் சிரமம், கேட்பவர்களுக்கும் சிரமம்.

படி 5: மேடை ஏறும் முன்

• திரை தானாக அணையும் நேரம்: ஐபேடில் 'ஒருபோதும் இல்லை'. ஆண்ட்ராய்டில் இருப்பதிலேயே அதிக நேரம்.
• ஏரோபிளேன் மோட், வைஃபையும் அணைந்திருக்கட்டும். அழைப்பும் அறிவிப்பும் வராது.
• திரை சுழற்சிக்குப் பூட்டு.
• ஐபேடில் கைடட் ஆக்சஸ், ஆண்ட்ராய்டில் ஆப் பின்னிங். கை தவறிப் பட்டாலும் குறிப்பைவிட்டு வெளியே போகாது.

திறந்தவெளிக் கூட்டம் என்றால் வெயிலில் வைக்காதீர்கள். ஐபேட் 35 டிகிரி செல்சியஸ் வரையிலான சூழலுக்கே வடிவமைக்கப்பட்டது. அதிகம் சூடானால் எச்சரிக்கை காட்டித் தானே நின்றுவிடும். அங்கே அச்சிட்ட தாளே மேல்.

படி 6: ப்ரொஜெக்டர்

வேதபாட வகுப்புக்கு யுஎஸ்பி-சியிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் அடாப்டர் வேண்டும். சார்ஜரையும் அதிலேயே செருக இடம் உள்ளதாக வாங்குங்கள். பழைய ப்ரொஜெக்டரில் விஜிஏ என்ற பழைய வகைத் துளை மட்டும் இருக்கலாம், முதலில் அதன் பின்புறத்தைப் பாருங்கள். டேப்லெட்டில் தெரிவது அப்படியே சுவரிலும் தெரியும் என்பதால் அறிவிப்புகளை அணைத்துவிடுங்கள். யாரோ அனுப்பிய அந்தரங்க ஜெப விண்ணப்பம் எல்லார் முன்னும் வந்து நிற்கக் கூடாது.

படி 7: பூட்டும் நகலும்

டேப்லெட் லேப்டாப்பைவிட எளிதாகத் தொலையும், எளிதாகக் கை மாறும். கடவுச்சொல் போடுங்கள், தொலைந்தால் தேடும் வசதியை இயக்கி வையுங்கள், குறிப்புகள் மேகச் சேமிப்பில் ஒரு நகலாகச் சேரட்டும். ஆலோசனைக் குறிப்புகளைத் தனியாகப் பூட்டுங்கள். ஐபேடின் நோட்ஸ் செயலியில் ஒவ்வொரு குறிப்புக்கும் பூட்டுப் போடலாம். வீட்டுப் பிள்ளைகளும் அதே கருவியில் விளையாடுகிறார்கள் என்றால், ஆண்ட்ராய்டு டேப்லெட் பலவற்றில் அவர்களுக்குத் தனிப் பயனர் கணக்கு திறக்கலாம். வீட்டு உபயோகத்துக்கு வாங்கும் ஐபேடில் அந்த வசதி கிடையாது. அங்கே பிள்ளைகளிடம் கொடுக்காமல் இருப்பதே வழி.

முதன்முதலாக ஞாயிறு ஆராதனையில் எடுத்துப் பழகாதீர்கள். வார நடுவில் வரும் ஜெபக் கூட்டத்தில் தொடங்குங்கள்.