மழை நாளிலும் கடைக் கணக்கு கைவிட்டுப் போகாதிருக்க: மலையகச் சிறு வியாபாரிகளுக்கான படிப்படியான வழிமுறை

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைத் தாக்கியபோது, நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மண்சரிவுகளால் வீதிகள் துண்டிக்கப்பட்டன. பல இடங்களில் மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் நாட்கணக்கில் கிடைக்கவில்லை. 2022 இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நீடித்ததையும், 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டதையும் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு கணினியையோ ஒரே ஒரு கைபேசியையோ நம்பி மளிகைக் கடை, மருந்துக் கடை, போட்டோக்கொப்பிக் கடை, தையற்கடை நடத்துபவர்கள் பெருஞ்செலவின்றிச் செய்துகொள்ளக்கூடிய ஏற்பாடுகளை இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன். இவற்றை இதே வரிசையில் செய்வது நல்லது. ஏனெனில் பலரும் முதலில், மின்சாரம் நின்றாலும் கணினியைச் சற்று நேரம் தாங்கும் யூ.பி.எஸ் வாங்க ஓடுகிறார்கள், அதுவோ இங்கே நான்காம் படியில்தான் வருகிறது.

முதற் படி: எதைக் காப்பது என்று எழுதுங்கள்

அரை நாள் கடையடைத்தால் ஏற்படும் நட்டத்தை மறுநாள் ஈடுசெய்யலாம். கணினி பழுதானால் வேறொன்று வாங்கலாம். தோட்டத்தை அண்டிய கடைகளில் ஈடுசெய்யவே முடியாதது கடன் கணக்கு ஒன்றுதான். மாதம் முழுவதும் அரிசியும் மாவும் சீனியும் கடனுக்குப் போய், சம்பளம் கிடைத்த பின்னர்தான் பணம் திரும்பி வருகிறது. இடையில் அந்தக் கணக்கு அழிந்துவிட்டால் பணம் போவதோடு, ஆண்டாண்டுகால வாடிக்கையாளரோடு மனக்கசப்பும் வந்து சேரும். ஆகவே ஒரு தாளில் முதலில் கடன் கணக்கையும், அடுத்து மொத்த வியாபாரிகளுக்கு நீங்கள் கொடுக்க வேண்டிய தொகைகளையும் வங்கியில் இடவேண்டிய காசோலைகளின் திகதிகளையும், கடைசியாக வியாபாரப் பதிவுச் சான்றிதழ், காப்புறுதிப் பத்திரம், முக்கியமான தொலைபேசி இலக்கங்கள் ஆகியவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். இருப்புப் பட்டியலை நான் இதில் சேர்க்கமாட்டேன். அதைத் தட்டைப் பார்த்து மீண்டும் எண்ணிவிடலாம்.

கணக்கு எழுதப்பட்டுள்ள விதத்தையும் இப்போதே திருத்துங்கள். "ராணி அக்கா", "மேல் லயம் ராஜா" என்று எழுதியிருப்பது கடைக்காரருக்கு விளங்கும். வீதி தடைப்பட்டு அவர் ஹட்டனில் மாட்டிக்கொண்ட நாளில் கடையைத் திறக்கும் மகளுக்கு விளங்காது. தோட்டத்தின் ஒரே டிவிஷனில் (பிரிவில்) ராணி என்ற பெயரில் மூவர் இருக்கக்கூடும். பெயரோடு தோட்டம், டிவிஷன், லய இலக்கம், தொலைபேசி இலக்கம் என்பனவும் இருந்தால்தான் அது பிறர் கையிலும் கணக்காக இருக்கும்.

இரண்டாம் படி: தாளில் ஒரு பிரதி

வாரத்திற்கு ஒருமுறை, கடை பூட்டுமுன், யார் யார் எவ்வளவு தரவேண்டும் என்ற நிலுவைப் பட்டியலை அச்சிட்டு வையுங்கள். பில் அடிக்கும் சிறிய இயந்திரத்தின் வெப்பத்தாள் இதற்கு உதவாது. அதிலுள்ள எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும். இங்க்ஜெட் அச்சும் நனைந்தால் கரையக்கூடும் என்பதால் லேசர் அச்சோ போட்டோக்கொப்பியோ நல்லது. அச்சு இயந்திரம் இல்லாதவர்கள் பேனையால் எழுதினாலும் குறைவில்லை. அதனுடன் ஒரு வெற்றுக் கொப்பியையும் இரண்டு பேனைகளையும் சேர்த்து, நீர் புகாத பிளாஸ்டிக் உறையில் இடுங்கள். மின்சாரம் இல்லாத நாளில் புதிய விற்பனை அந்தக் கொப்பியில் ஏறும். மின்சாரம் வந்ததும் கணினியில் பதிந்துவிட்டு, பதிந்த ஒவ்வொரு வரியின் மேலும் கோடிடுங்கள், இல்லையேல் ஒரே கடன் இருமுறை ஏறிவிடும்.

மூன்றாம் படி: வேறு இடத்தில் ஒரு பிரதி

கணினித் துறையில் மூன்று, இரண்டு, ஒன்று என்று ஒரு விதி சொல்வார்கள்: மொத்தம் மூன்று பிரதிகள், இரண்டு வகையான சாதனங்களில், அவற்றுள் ஒன்று வேறு இடத்தில். நம் கடைக்கு அது கணினியிலுள்ள கோப்பு, ஒரு பென் டிரைவ், கூகுள் டிரைவ் என்று அமையும். கூகுள் கணக்கொன்றில் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிகாபைட் இடம் கணக்குக் கோப்புகளுக்குத் தாராளமாகப் போதும்.

பென் டிரைவைக் கணினியிலேயே செருகி வைத்திருக்கக் கூடாது. கோப்புகளைப் பூட்டிவிட்டுக் கப்பம் கேட்கும் தீநிரல் புகுந்தால், செருகியிருக்கும் பென் டிரைவையும் சேர்த்தே பூட்டிவிடும். 2023 ஆகஸ்டில் இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சல் சேவை இத்தகைய தாக்குதலுக்கு உள்ளானபோது, இணைப்பிலிருந்து விலக்கி வைக்கப்பட்ட பிரதி இல்லாமையால், மே மாத நடுப்பகுதியிலிருந்து ஆகஸ்ட் இறுதி வரையான மின்னஞ்சல்கள் மீட்க முடியாமற் போயின. அரசாங்கத்துக்கே அந்த நிலை என்றால் நம் கணினி எம்மாத்திரம்?

வேறு இடம் என்பதை மலையகத்தில் சற்றுக் கண்டிப்பாகவே பொருள்கொள்ள வேண்டும். கீழே கடை, மேலே வீடு, இரண்டும் ஒரே சரிவில் என்றால் அவை ஒரே இடம்தான். பென் டிரைவ் வேறொரு நகரத்திலுள்ள உறவினரிடம் மாதந்தோறும் மாறி மாறிப் போய்வரட்டும். வாடிக்கையாளரின் கடன் விபரம் பிறர் கண்ணில் படாதிருக்கக் கோப்புக்குக் கடவுச்சொல் இடுங்கள். கோப்பின் பெயரை ஆண்டில் தொடங்கி, 2026-01-10 என்பது போல எழுதினால் புதியது எது, பழையது எது என்ற குழப்பம் வராது. பாதணிப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலமொன்றைப் பென் டிரைவோடு போட்டு வைத்தால் மூடுபனிக் காலத்து ஈரத்திற்குப் பாதுகாப்பு.

நான்காம் படி: மின்சாரம்

சாதாரண 650 வீ.ஏ. யூ.பி.எஸ் ஒரு மேசைக் கணினியைச் சில நிமிடங்கள்தான் தாங்கும். அது கோப்பைச் சேமித்துக் கணினியை ஒழுங்காக மூடுவதற்கான அவகாசமே தவிர, தொடர்ந்து வேலை செய்வதற்கானதல்ல. லேசர் அச்சு இயந்திரத்தை அதில் இணைக்காதீர்கள். மடிக்கணினி பாவிப்பவர்களுக்கு, ரவுட்டருக்கென்று விற்கப்படும் சிறிய யூ.பி.எஸ்ஸே கூடுதல் பயன் தரும். வாங்குமுன் ரவுட்டர் அடெப்டரில் அச்சிடப்பட்டுள்ள வோல்ட், அம்பியர் அளவுகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஏப்ரலிலும், ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை தொடங்கும்போது செருகிகளைக் கழற்றிவிட வேண்டும். மின்னலுக்கு முன் யூ.பி.எஸ் காவலல்ல. ஜெனரேட்டரை எக்காரணத்தாலும் கதவடைத்த கடைக்குள் இயக்காதீர்கள், அதன் புகையிலுள்ள காபன் மொனொக்சைட் மணமின்றியே உயிரைக் குடிக்கும்.

ஐந்தாம் படி: தொடர்பும் கடவுச்சொல்லும்

இரண்டு நிறுவனங்களின் சிம் வைத்திருப்பது நல்லது. 2024 இல் எயார்டெல் லங்கா டயலொக்குடன் இணைந்துவிட்டதால் அவ்விரண்டையும் வைத்திருப்பவரிடம் இருப்பது ஒரே நிறுவனத்தின் சேவைதான். மற்றையது மொபிடெல்லாகவோ ஹட்ச்சாகவோ இருக்கட்டும். ஆயினும் வெவ்வேறு நிறுவனங்கள் ஒரே கோபுரத்தைப் பகிர்வதும் உண்டு, கோபுரத்தின் மின்கலமும் தீர்ந்துபோகும். ஆகவே கியூ.ஆர் மூலம் பணம் பெறும் கடையிலும் சில்லறைக் காசு எப்போதும் இருக்க வேண்டும்.

சிக்னல் இல்லாதபோது குறுஞ்செய்தியில் வரும் இரகசிய இலக்கமும் வராது. கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதிக்குச் சென்று, அந்த இலக்கத்துக்குப் பதிலாகப் பாவிக்கக்கூடிய மாற்றுக் குறியீடுகளைப் (Backup codes) பெற்று, தாளில் எழுதி, இரண்டாம் படியில் சொன்ன உறையில் அல்லாமல் வேறிடத்தில் பூட்டி வையுங்கள். வட்ஸ்அப்பில் இரு படிச் சரிபார்ப்பை இயக்குவதும் இதே வேளையில் முடிக்கக்கூடிய வேலை.

ஆறாம் படி: எச்சரிக்கை வந்த நாளில்

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மூன்று நிலைகளில் விடுக்கிறது. மஞ்சள் விழிப்பாக இருப்பதற்கானது. அன்றே கைபேசிகளையும் பவர் பேங்கையும் முழுமையாக மின்னேற்றி, கணக்கின் புதிய பிரதியை எடுத்துவிடுங்கள். செம்மஞ்சளில் உறை கைப்பைக்குள் போய்விட வேண்டும். சிவப்பு என்றால் வெளியேறுவதுதான், பூட்டைச் சரிபார்க்கத் திரும்பிப் போவதற்கும் இடமில்லை. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117.

ஏழாம் படி: ஒத்திகை

வாடிக்கையாளர் குறைந்த ஒரு பிற்பகலில் கணினியை அணைத்துவிட்டு, கடை நடத்தத் தெரிந்த மற்றவரிடம் உறையையும் பென் டிரைவையும் கொடுத்து, நீங்கள் வாய் திறக்காமல் நில்லுங்கள். அவர் வேறொரு கணினியில் கோப்பைத் திறந்து, நீங்கள் சொல்லும் மூன்று பெயர்களின் நிலுவையைக் கண்டு, தாளிலுள்ள தொகையோடு ஒப்பிட வேண்டும். கோப்பு திறக்காவிட்டால் அந்த வாரமே பென் டிரைவை மாற்றுங்கள். தொகை பொருந்தாவிட்டால் தாளில் அச்சிட்ட திகதியையும் கோப்பின் திகதியையும் முதலில் பாருங்கள், பெரும்பாலும் பிழை அங்கேதான் இருக்கும். தென்மேற்குப் பருவமழைக்கு முன் ஏப்ரலில் ஒருமுறையும் செப்டெம்பரில் ஒருமுறையும் இதைச் செய்தால் போதும்.