டிராக் கிங் கௌபாயாக மேடையேறுவது எப்படி?

டிராக் கிங் என்றால் ஆண் வேடமிட்டு, ஆண்மையை மிகைப்படுத்தி மேடையில் நடித்துக் காட்டுபவர், பெரும்பாலும் பெண். தொப்பி, பூட்ஸ் வாங்க ஓடுவதற்கு முன்னால் கொஞ்சம் வரலாறு படியுங்கள், ஏனென்றால் நீங்கள் சீண்டப்போகும் அந்த வெள்ளைக்கார, அதிகம் பேசாத, யாரும் தேவைப்படாத கௌபாய் பெரும்பாலும் மேடையிலும் விளம்பரத்திலும் தயாரானவன்தான். 'வைல்ட் வெஸ்ட்' என்ற கேளிக்கைக் காட்சி நடத்திய பஃபலோ பில் 1883-லேயே அவனை டிக்கெட் போட்டு விற்றார். 1950-களில் மார்ல்பரோ சிகரெட் விற்க வந்தான் (அதுவரை அது பெண்களுக்கான சிகரெட்!). நிஜத்தில் மாடு ஓட்டியவர்களில் நால்வரில் ஒருவர் கறுப்பினத்தவர் என்பது வரலாற்றாளர்களின் மதிப்பீடு. கயிறு வீசுவதே மெக்சிகோவின் மாடு மேய்ப்பர்களான வக்கேரோக்களிடம் கற்றதுதான்.

சரி, தாடி. முடியை நொய் அளவுக்குப் பொடியாக நறுக்கி, தாடையில் ஸ்பிரிட் கம் என்ற ஒப்பனைப் பசையைத் தடவி, அது பிசுபிசுக்கும்போது முடியை அதன்மேல் ஒற்றுங்கள். மார்பை கிரேப் பேண்டேஜால் இறுக்காதீர்கள், ஆடும்போது மூச்சு முட்டும், ஸ்போர்ட்ஸ் பிரா போதும்.

அப்புறம் நடை. பெல்ட்டில் கட்டைவிரல், அகட்டிய கால், இதையே நிறுத்தாமல் செய்துகொண்டிருங்கள், எவ்வளவு மெனக்கெட்டு ஆண்மையைக் காட்டுகிறான் என்று பார்ப்பவருக்கே சிரிப்பு வரும்வரை.

நடனத்துக்கு டூ-ஸ்டெப் என்ற ஜோடி நடனத்தை எடுங்கள்: இரண்டு வேக அடி, இரண்டு மெதுவான அடி. பெண்கள் குறைவாக இருந்த அமெரிக்க மேற்கின் எல்லைப்புற ஊர்களில் ஆண்களே ஜோடி சேர்ந்து ஆடினார்கள், பெண் பங்கு ஆடுபவர் கையில் கைக்குட்டை கட்டிக்கொள்வார். எனக்கு இதைவிட நல்ல மேடைப்பொருள் தெரியாது. கைக்குட்டையை உங்கள் கையில் கட்டி ஆடத் தொடங்குங்கள், பாட்டின் நடுவில் அதை அவிழ்த்து ஜோடியின் கையில் கட்டுங்கள், அங்கிருந்து அவர் பின்னால் நகரட்டும், நீங்கள் முன்னால். முடிச்சு மட்டும் ஒரே இழுப்பில் அவிழ வேண்டும்.