ஊருக்கு வந்து எஃப்-1 விசா ஸ்டாம்பிங் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் எஃப்-1 விசா, அதாவது மாணவர் விசா, அமெரிக்காவுக்குள் நுழைவதற்கு மட்டும்தான். அதைப் புதிதாக ஒட்டி வாங்குவதைத்தான் ஸ்டாம்பிங் என்கிறார்கள். நீங்கள் அங்கே இருக்கும்போது அது காலாவதியானால் ஒன்றும் குடி முழுகிவிடாது. ஐ-20 (பல்கலைக்கழகம் தரும் சேர்க்கைப் படிவம்), ஐ-94 (நாட்டுக்குள் நுழைந்ததற்கான பதிவு) இரண்டும் சரியாக இருந்து, படிப்பும் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தால் பேசாமல் படிப்பை முடிக்கலாம். அதனால் தேதி முடிகிறதே என்று பதறி, அதற்காகவே ஊருக்கு டிக்கெட் போடுவது தேவையில்லாத வேலை. பல்கலைக்கழகம் மாறியவர்கள் சிலர், விசாவில் பழைய பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கிறதே என்று புதிதாக விண்ணப்பிக்கிறார்கள். செவிஸ் பதிவு (வெளிநாட்டு மாணவர்களைப் பற்றி அமெரிக்க அரசு வைத்திருக்கும் கணினிப் பதிவு) முறையாக மாற்றப்பட்டு, விசாவுக்கும் இன்னும் காலம் இருந்தால் அதை வைத்தே திரும்பலாம்.

ஊருக்குப் போய்த்தான் ஆக வேண்டும், விசாவும் முடிந்துவிட்டது என்றால் முதலில் பார்க்க வேண்டியது தூதரக நேர்காணலுக்கான ஸ்லாட்டை, டிக்கெட்டை அல்ல. டிசம்பர் விடுமுறைக்கு மலிவாகக் கிடைத்தது என்று டிக்கெட்டைப் போட்டுவிட்டு, பிறகு சென்னை, ஹைதராபாத், மும்பை என்று ஒவ்வொரு தூதரகமாக ஸ்லாட் தேடுபவர்கள் வருஷா வருஷம் இருக்கிறார்கள். ‘போன தடவை மாதிரி நேர்காணல் இல்லாமல் டிராப்பாக்ஸில் பாஸ்போர்ட்டைப் போட்டுவிடலாம்’ என்ற கணக்கும் இப்போது உதவாது. 2025 செப்டம்பர் 2 முதல் எஃப்-1, ஜே-1 (ஆராய்ச்சி, பரிமாற்றத் திட்டங்களில் வருபவர்களுக்கான விசா) இரண்டுக்கும் நேர்காணல் விலக்கு எடுக்கப்பட்டுவிட்டது, புதுப்பிப்பவரும் நேரில் போய் நிற்க வேண்டும். சிங்கப்பூரிலோ துபாயிலோ முடித்துவிடலாம் என்ற பழைய யோசனையும் அப்படித்தான். குடியுரிமை உள்ள நாட்டிலோ வசிக்கும் நாட்டிலோதான் நேர்காணலுக்குப் பதிய வேண்டும் என்று அதே செப்டம்பரில் அறிவித்துவிட்டார்கள்.

கிளம்பும் முன் ஐ-20-இன் இரண்டாம் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். கீழே பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலரான டிஎஸ்ஓ போடும் பயணக் கையெழுத்து இருக்கும். படிப்பவர்களுக்கு அது ஒரு வருடம் செல்லும், ஓபிடியில் (படிப்பை ஒட்டிய வேலை அனுமதியில்) இருப்பவர்களுக்கு ஆறே மாதம். இதை மறந்துவிட்டு ஊரிலிருந்து டிஎஸ்ஓவுக்கு மெயில் போட்டுக் காத்திருப்பது வீண் அலைச்சல். ஓபிடிக்காரர்கள் ஈஏடி என்ற வேலை அனுமதி அட்டையும் வேலைக் கடிதமும் இல்லாமல் விமானம் ஏற வேண்டாம்.

டிஎஸ்-160 என்ற இணைய விசா விண்ணப்பப் படிவத்தில்தான் சத்தமில்லாமல் பெரிய தவறுகள் நடக்கின்றன. நம் ஊர்ப் பாஸ்போர்ட்டுகளில் பலருக்கு குடும்பப் பெயர் என்ற இடம் காலியாக இருக்கும். அப்படியானால் இருக்கும் ஒரே பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்தில் போட்டு, முதல் பெயர் கட்டத்தில் எஃப்என்யூ (FNU, முதல் பெயர் இல்லை என்பதற்கான குறி) என்று போட வேண்டும். ஐ-20-இல் ஒரு மாதிரி, படிவத்தில் ஒரு மாதிரி இருந்தால் கேள்வி வரும். அடுத்தது கைது பற்றிய கேள்வி. குடித்துவிட்டு ஓட்டியதாகப் பிடித்தார்கள், அப்புறம் வழக்கு தள்ளுபடியாகிவிட்டது, அதனால் ‘இல்லை’ என்று போடலாம் என்று நண்பர்கள் சொல்வார்கள். கேட்காதீர்கள். கேள்வியே கைதானதுண்டா என்பதுதான், கைரேகை எடுத்திருந்தால் அது தூதரக அதிகாரிகளின் திரையில் தெரியும். ‘ஆம்’ என்று போட்டு நீதிமன்றத் தாளைக் கையில் கொண்டுபோங்கள். மறைத்தது தெரிந்தால் அந்தப் பொய்தான் பெரிய குற்றமாகிவிடும். கடந்த ஐந்து வருடத்தில் பயன்படுத்திய சமூக வலைதளக் கணக்குகளையும் விடாமல் எழுத வேண்டும், 2025 ஜூனில் வந்த உத்தரவுப்படி அவற்றைப் பொதுப் பார்வைக்குத் திறந்தும் வைக்க வேண்டும்.

ஆராய்ச்சி மாணவர்கள், ஜே-1-இல் இருக்கும் போஸ்ட்டாக்குகள் (முனைவர் பட்டத்துக்குப் பின் ஆராய்ச்சி செய்பவர்கள்) கொஞ்சம் கூடுதலாகக் கவனியுங்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் விசா அதிகாரி ‘என்ன ஆராய்ச்சி?’ என்று கேட்டதும் ஆய்வேட்டின் தலைப்பை ஒரே மூச்சில் ஒப்பிக்கிறவர்கள்தான் அதிகம். அவர் உங்கள் துறைக்காரர் இல்லை. ‘மின்சாரக் கார் பேட்டரி சூடாகாமல் இருக்க என்ன செய்யலாம் என்று பார்க்கிறேன்’ என்கிற மாதிரி இரண்டு வரியில் சொல்ல முடிய வேண்டும். அப்படிச் சொன்னாலும் 221ஜி தாள், அதாவது கூடுதல் சரிபார்ப்புக்காக விசாவை நிறுத்திவைக்கும் அறிவிப்பு, கையில் வரலாம். குறைக்கடத்தி, அணு, விண்வெளி மாதிரித் துறைகளில் அது நடப்பதுதான். ரெஸ்யூமே, ஆய்வுக் கட்டுரைப் பட்டியல், ஒரு பக்க ஆய்வுச் சுருக்கம், வழிகாட்டியின் கடிதம் எல்லாம் முன்பே தயாராக இருந்தால் கேட்ட அன்றே அனுப்பலாம். சரிபார்ப்புக்கு சில வாரமும் ஆகும், சில மாதமும் ஆகும். ஐந்து மாதத்துக்கு மேல் வெளியே தங்கிவிட்டால் எஃப்-1 நிலையே போய்விடும், புது ஐ-20, புது செவிஸ் கட்டணம் என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். அதனால் தாள் கையில் வந்த அன்றே துறைக்கும் டிஎஸ்ஓவுக்கும் சொல்லிவிடுங்கள்.

கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ மாநாட்டுக்குப் போகிறவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. முப்பது நாளுக்குள் திரும்பினால், ஐ-94-உம் ஐ-20-உம் சரியாக இருக்கும்வரை, காலாவதியான விசாவை வைத்தே உள்ளே வரலாம். ஆனால் போன இடத்தில் ‘வந்ததுதான் வந்தோம்’ என்று புது விசாவுக்கு விண்ணப்பித்தால் அந்தச் சலுகை போய்விடும். மறுத்துவிட்டால் அங்கிருந்து நேராக ஊருக்குத்தான் பயணம். இந்தியப் பாஸ்போர்ட்டுக்குக் கனடா விசா தனியாக வேண்டும் என்பதையும் கடைசி வாரத்தில் நினைவுக்குக் கொண்டுவரும் ஆட்கள் இருக்கிறார்கள்.

ஊருக்குப் போகும் வழியில் லண்டன், ஐரோப்பா என்று விமானம் மாறுவதாக இருந்தால், காலாவதியாகாத அமெரிக்க விசா கையில் இல்லாதவருக்கு டிரான்சிட் விசா வேண்டுமா என்று டிக்கெட் போடும் முன்பே பாருங்கள். துபாய், தோஹா வழியில் விமான நிலையத்துக்குள்ளேயே மாறினால் இந்தத் தொல்லை இல்லை.

புது விசா கைக்கு வந்ததும் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் போடும் முன் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், செவிஸ் எண் நான்கையும் ஐ-20-உடன் ஒப்பிட்டுப் பாருங்கள். பிழை இருந்தால் ஊரில் இருக்கும்போதே திருத்திக்கொள்வது சுலபம்.