மேடைக்கும் டைல்ஸுக்கும் நடுவே இடுக்கா? நீங்களே அடைக்கலாம்

சமையல் மேடையும் சுவர் டைல்ஸும் சேரும் இடத்தில் மெல்லிய விரிசல் தெரிந்தால் உடனே ஒயிட் சிமெண்ட் குழைக்கப் போகாதீர்கள். நான் இரண்டு தடவை பூசினேன், இரண்டு தடவையும் சில மாதத்தில் வெடித்துப் பொரிப்பொரியாக உதிர்ந்தது. மேடையும் சுவரும் ஒன்றாக அசைவதில்லை. சூட்டிலும் ஈரத்திலும் ஒவ்வொன்றும் தன் போக்கில் விரியும், சுருங்கும். சிமெண்டும், டைல்ஸ் இடைவெளியில் பூசும் கிரவுட்டும் இறுகிப்போகும், வளையாது. அங்கே வேண்டியது ரப்பர் மாதிரி இழுபடும் சிலிக்கான் சீலண்ட்.

கடையில் வாங்கும்போது டியூபில் 'நியூட்ரல்' என்று போட்டிருக்கிறதா, பூஞ்சை பிடிக்காத வகையா என்று பாருங்கள். காடி வாடை அடிக்கும் சாதா சிலிக்கானில் அசெட்டிக் அமிலம் வெளிவரும். மார்பிளை அது அரிக்கும். கூடவே சீலண்ட் கன் (டியூபை அழுத்திப் பிதுக்கும் கருவி), மாஸ்கிங் டேப், பிளேடு.

பாதி வேலை சுத்தம் செய்வதில்தான். பழைய சிமெண்டையோ சிலிக்கானையோ பிளேடால் சுரண்டி எடுங்கள். பழைய சிலிக்கான் மேல் புது சிலிக்கான் ஒட்டாது, அதனால் மிச்சம் வைக்காதீர்கள். எண்ணெய்ப் பிசுக்குப் போக ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள். பிறகு நன்றாகக் காயவேண்டும். உள்ளே ஈரம் இருக்கும் என்று சந்தேகம் வந்தால் ஒரு இரவு விட்டுவிடுவது நல்லது.

இடுக்கு 6 மி.மீ. வரை என்றால் நேரடியாக அடைக்கலாம். அதைவிட அகலமானால் முதலில் ஃபோம் கயிறு (பேக்கர் ராடு) திணியுங்கள். இடுக்கைவிடச் சற்றுத் தடிமனாக இருந்தால்தான் இறுகி நிற்கும். கயிறு திணித்தால் சிலிக்கான் மிச்சமாவது மட்டுமல்ல, அடியில் ஒட்டாமல் இரண்டு பக்கமும் மட்டும் பிடிப்பதால் தாராளமாக இழுபடவும் செய்யும். ஒரு விரல் நுழையும் இடுக்கானால் சிலிக்கானை நம்பாமல், மேலே ஒரு கல் பட்டியோ டைல்ஸ் பட்டியோ ஒட்டி, அதன் ஓரங்களை அடையுங்கள்.

இனி பூச்சு. இடுக்கின் மேலும் கீழும் 2, 3 மி.மீ. தள்ளி டேப் ஒட்டுங்கள். டியூபின் முனையில் உள்ள நாசிலைச் சாய்வாக, சின்ன ஓட்டையாகவே வெட்டுங்கள். பெரிதாக வெட்டிவிட்டால் திரும்பச் சிறிதாக்க முடியாது! கன்னைச் சாய்த்துப் பிடித்து, விட்டுவிட்டு அழுத்தாமல் ஒரே சீராக ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகர்த்துங்கள்.

அடுத்த 5 நிமிடம்தான் முக்கியம். பாத்திரம் தேய்க்கும் சோப்பு கரைத்த தண்ணீரில் விரலை நனைத்து, லேசாக அழுத்தி ஒரே இழுப்பில் நீவுங்கள். விரலில் சேர்வதை டிஷ்யூவில் துடைத்துக்கொண்டே போங்கள். திரும்பத் திரும்ப நீவினால் மேலே தோல் கட்டத் தொடங்கி, திட்டுத்திட்டாகக் கிழியும். கொஞ்சம் கோணலாக வந்தால் விட்டுவிடுங்கள், மசாலா டப்பாக்கள் மறைத்துவிடும். சிலிக்கான் ஈரமாக இருக்கும்போதே டேப்பை 45 டிகிரி சாய்வில் மெதுவாக உரியுங்கள். காய்ந்தபின் உரித்தால் விளிம்பும் கூடவே வந்துவிடும்.

24 மணி நேரம் அந்தப் பக்கம் தண்ணீர் படக்கூடாது. தடிமனாகப் போட்ட இடத்துக்கு இன்னும் ஒரு நாள் கொடுங்கள். டியூபில் மிச்சம் இருந்தால் நாசில் வாயில் ஒரு ஸ்க்ரூவைச் செருகி வையுங்கள். அடுத்த தடவை அதைப் பிடித்து இழுத்தால் கெட்டியான துண்டும் சேர்ந்து வெளியே வந்துவிடும்.