திருகோணமலைக் கரையோரத்தில் சுனாமி ஆபத்து வரைபடம் போடுவது எப்படி

கடலிலிருந்து இத்தனை மீற்றர் என்று நேர்கோடு இழுத்தால் அது ஆபத்து வரைபடம் ஆகாது. தண்ணீர் பள்ளம் பார்த்துத்தான் வரும். ஆகவே முதலில் முகத்துவாரம், தோணா (மழைநீர் கடலுக்கு வடியும் ஓடை), வள்ளம் இழுக்க மணல்மேட்டில் வெட்டிய வழி ஆகியவற்றைக் குறியுங்கள். இறக்கக்கண்டி போன்ற இடத்தில் முன்னால் கடல், பின்னால் களப்பு (கடலோடு தொடுத்த உவர்நீர்ப் பரப்பு). களப்புக்கரை வீட்டையும் கடற்கரை வீடாகவே கணக்கெடுக்க வேண்டும்.

ஒரு கிராம அலுவலர் பிரிவுக்கு 1:2000 அளவு போதும். தாளில் ஒரு சென்ரிமீற்றர் தரையில் 20 மீற்றர். ஒழுங்கையும் மதகும் தெளிவாகத் தெரியும். இலவசமாகக் கிடைக்கும் செய்மதி உயரத் தரவை மட்டும் நம்பாதீர்கள். 30 மீற்றர் கட்டம் கட்டமாக இருக்கும் அது, தென்னை மர உச்சியையும் கூரையையும் தரையாக எடுத்துக்கொண்டு, தாழ்ந்த தோட்டத்தை மேடாகக் காட்டிவிடும்.

உயரத்தை மேசன்மார் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயாலேயே அளக்கலாம். உள்ளே தண்ணீர் தெரியும் 20 மீற்றர் பிளாஸ்ரிக் குழாய், அளவு குறித்த இரண்டு தடி, மூன்று பேர். கடல் விளிம்பில் தொடங்கி, நேரத்தையும் எழுதிவைத்து, 15 மீற்றருக்கு ஒரு தடவை உள்நோக்கி அளந்து போங்கள். இங்கே வற்றுப்பெருக்கு வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவு என்பதால் பெரிய பிழை வராது. பிழை வருவது குழாய்க்குள் நிற்கும் காற்றுக்குமிழியால்; குழாயை வெயிலில் விட்டாலும் குமிழி கட்டும். ஒவ்வொரு அளவுக்கும் முன் குழாயை முழு நீளத்துக்கும் பாருங்கள். அதே பாதையில் அளந்து திரும்புங்கள். தொடங்கிய இடத்தில் 10 சென்ரிமீற்றருக்கு மேல் வித்தியாசம் வந்தால் திரும்ப அளக்க வேண்டியதுதான்.

அடுத்தது 2004 டிசம்பர் 26 தண்ணீர்மட்டம். வெளிச்சுவரில் அலை மோதி மேலே தெறித்திருக்கும். வீட்டுக்குள் நின்ற அடையாளமே சரி. சுவருக்குப் பெயின்ற் அடித்துவிட்டார்களா? கோயில், பள்ளிவாசல் சுவர்களையும் உவர்ப்பாகிப் போன கிணறுகளையும் பற்றிக் கேளுங்கள். தனித்தனியே கேட்ட இரு வீட்டார் ஒரே உயரத்தைக் காட்டினால் மட்டும் பதியுங்கள். நிலத்திலிருந்து உயரம், அந்த நிலத்தின் உயரம் இரண்டையும் கூட்டினால்தான் மட்டம் வரும். அதே நேரம், அன்று தண்ணீர் நின்ற இடத்தை எல்லைக்கோடாக எடுக்காதீர்கள். அடுத்தது அதைவிட உயரமாகவும் வரலாம்.

இனி ஆட்கள். தனித்திருக்கும் முதியோர், கர்ப்பிணி, கைக்குழந்தை, நடக்க இயலாதவர், ஆண்கள் தொழிலுக்குப் போனபின் பெண்ணும் பிள்ளைகளும் மட்டும் இருக்கும் வீடு என்று வீடுவீடாகக் குறியுங்கள். பெயர் வரைபடத்தில் வேண்டாம். வீட்டு எண் போதும். மேற்கில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் அந்தப் பக்கத்து மீனவர் இங்கே வாடி (கரையோரத் தற்காலிகக் குடில்) போட்டிருப்பார்கள். அவர்கள் கிராமப் பதிவில் இருக்கமாட்டார்கள். மாரியில் சில ஒழுங்கைகள் வெள்ளத்தில் மூடப்படும். ஆகவே வரைபடம் இரண்டு வேண்டும்: மாரிக்கு ஒன்று, கோடைக்கு ஒன்று.

ஓடும் வழியை இளைஞரை விட்டு அளக்காதீர்கள். தடி ஊன்றி நடக்கும் அம்மம்மாவோடு நடந்து மணி பாருங்கள். செக்கனுக்கு 0.7 மீற்றர் என்றால் 900 மீற்றருக்கு ஏறத்தாழ 21 நிமிடம். செய்தி வந்து சேரும் நேரமும் வீட்டை விட்டு இறங்கும் நேரமும் அதற்கு மேல். 2004இல் சுமாத்திராவிலிருந்து அலை வர ஏறத்தாழ இரண்டு மணி நேரம் இருந்தும் எச்சரிக்கை வரவில்லை.

நிலாவெளி போன்ற தட்டையான இடத்தில் மேடு தூரம். அங்கே உறுதியான கொங்கிறீற் மாடிகளைக் குறியுங்கள்: படி வெளியிலா உள்ளேயா, எத்தனை பேர் நிற்கலாம், இரவில் சாவி யார் கையில். கிண்ணியா வைத்தியசாலையையே அன்று கடல் அடித்தது என்பதால், வைத்தியசாலையும் பாடசாலையும் பாதுகாப்பு என்று அளக்காமல் எழுதாதீர்கள்.

முடிந்த தாளை ஊர்க்கூட்டத்தில் விரித்து, தவறைத் திருத்தி, ஒரு பிரதியைப் பிரதேச செயலகத்து அனர்த்த முகாமைத்துவ உத்தியோகத்தரிடம் கொடுங்கள். ஒவ்வொரு ஒக்டோபரிலும், மாரி தொடங்குமுன், பாதைகளை மறுபடி நடந்து பாருங்கள். புது மதிலும் புது வேலியும் அதற்குள் எழும்பியிருக்கும்.