பைக் மெக்கானிக்ல இருந்து ஃபேக்டரி மெயின்டனன்ஸ்க்கு மாறுறது எப்படி (அலைன்மென்ட்ல நான் மாட்டினது உட்பட)

காட்பாடில சித்தூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு டூவீலர் ஷெட்ல ஒம்போது வருஷம் வேலை பாத்தேன். இப்ப ராணிப்பேட்டை சிப்காட்ல மெயின்டனன்ஸ் ஃபிட்டர், நாலு வருஷம் ஆவுது. "அண்ணா, எனக்கு பைக் தவிர ஒண்ணும் தெரியாது, என்ன எடுப்பாங்களா"ன்னு நம்ம பசங்க கேட்டுகினே இருக்காங்க. 2020 ஏப்ரல்ல பிஎஸ்6 (புகை விதி) வந்து கார்புரேட்டர் போனதுல இருந்து ஸ்கேனர் (வண்டி கோளாற படிக்கிற கருவி) வாங்க முடியாத சின்ன ஷெட்டுங்க எல்லாம் திணறுது, அது எனக்கு நல்லா தெரியும். அதனால நான் எப்படி மாறினேன்னு வரிசையா எழுதுறேன். ஸ்பேனர் புடிக்கிறது, சர்க்ளிப் கழட்டுறது எல்லாம் உங்களுக்கே தெரியும், அத எழுதல.

ஸ்டெப் 1: இன்டர்வியூல "பைக் மெக்கானிக்"னு மட்டும் சொல்லி நிறுத்தாதீங்க

எதிர்ல இருக்கறவருக்கு அந்த வார்த்தையில பஞ்சரும் ஆயில் சர்வீஸும் தான் தெரியும். செஞ்ச வேலைய பிரிச்சு சொல்லுங்க. கியர்பாக்ஸ் பிரிச்சு பேரிங் மாத்துவேன், ஆயில் சீல் போடுவேன், டேப்பட் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிசு தகடு) வெச்சு செட் பண்ணுவேன், செயின் ஸ்ப்ராக்கெட் லைன் பாப்பேன், வெர்னியர் படிப்பேன். ஒரு யூடிலிட்டி ஃபிட்டர் (பம்ப், மோட்டார் மாதிரி மெஷின பாத்துக்கறவர்) தினமும் செய்யறதும் கிட்டத்தட்ட இதே தான், சைஸ் தான் பெருசு. ஐடிஐ இருந்தா ஈஸி, இல்லன்னா முதல்ல கான்ட்ராக்ட்ல ஹெல்பரா தான் எடுப்பாங்க. நானும் அப்படி தான் போனேன், சம்பளம் ஷெட்ட விட கம்மி, ஆனா இஎஸ்ஐ, பிஎஃப் இருந்துச்சு.

ஸ்டெப் 2: நம்பர் பழகுங்க

முதல் வாரம் 12ஆம் நம்பர் ஸ்பேனர் எடுத்துனு போய் நின்னேன், எந்த போல்ட்டுக்கும் உக்காரல. பைக்ல எம்8 (8 மி.மீ தடிமன்) போல்ட்டுக்கு தலை 12 மி.மீ, எம்10க்கு 14. ஃபேக்டரில பெரும்பாலும் எம்8க்கு 13, எம்10க்கு 17, எம்12க்கு 19, எம்16க்கு 24. பழைய மெஷின்ல இன்ச் போல்ட்டும் வரும். ஸ்பேனர் செட் சொந்தமா வாங்குறதா இருந்தா டபாரியா கம்பெனி செட் வாங்குங்க, பிளாட்ஃபார்ம்ல விக்கிற பளபளா செட் வேணாம், 24 போல்ட்ல நம்ம முழு பலத்தையும் போடும்போது வாய் விரிஞ்சு கை மூட்டு போய் இடிக்கும்.

பேரிங் நம்பர்ல கடைசி ரெண்டு எழுத்த 5ஆல பெருக்கினா உள் விட்டம் வரும். 6205ன்னா 25 மி.மீ, 6309ன்னா 45. பைக்ல நாம அதிகமா பாத்த 6301, 6202 ரெண்டும் இந்த கணக்குல வராது, 01னா 12, 02னா 15, அதனாலயே ஒம்போது வருஷம் பேரிங் மாத்தியும் எனக்கு இது தெரியாம இருந்துச்சு. இன்னொண்ணு, ஷாஃப்ட்ல பேரிங் ஏத்தும்போது வெளி ரிங்க அடிக்கவே கூடாது. சுத்தியல மறந்துடுங்க, ஹீட்டர்ல 100 டிகிரி பக்கம் சூடு பண்ணா தானா இறங்கி உக்காரும், 120 தாண்ட வேணாம்.

ஸ்டெப் 3: "ஸ்டார்ட் பண்ணி பாக்கலாம்"ன்ற பழக்கத்த விடுங்க

ஷெட்ல எதுன்னாலும் ஒரு கிக் அடிச்சு சத்தம் கேட்டு தான் முடிவு பண்ணுவோம். அந்த காது இங்கயும் உதவும், பேரிங் போறத நான் இப்பவும் நீட்டு ஸ்க்ரூ டிரைவர் காதுல வெச்சு தான் முதல்ல கண்டுபிடிக்கிறேன். ஆனா கை வைக்கறதுக்கு முன்னாடி ஐசோலேட்டர் (மெயின் கரண்ட் சுவிட்ச்) ஆஃப், அதுல உங்க பூட்டு, சாவி உங்க பாக்கெட்ல. அப்புறம் ஸ்டார்ட் பட்டன அழுத்தி பாத்து ஓடலன்னு உறுதி பண்ணணும். பைக்க வேற யாரும் தூரத்துல இருந்து ஸ்டார்ட் பண்ண முடியாது, மோட்டார பேனல் ரூம்ல இருந்து பண்ணலாம்.

மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல் ஷாப்புக்கு (தோல் பதனிடுற ஃபேக்டரி) வேலைக்கு போறவங்க இத ரெண்டு தடவ படிங்க. கழிவுநீர் பிட்டுல பம்ப் அடைச்சிக்கிச்சுனு சொல்லி உள்ள இறங்க சொல்வாங்க. இறங்காதீங்க. ஹைட்ரஜன் சல்ஃபைடு காத்த விட கனமானது, அடியில தங்கும். கொஞ்சமா இருந்தா அழுகின முட்டை நாத்தம் வரும், அதிகமாச்சுன்னா மூக்கு மரத்து போய் நாத்தமே தெரியாது, "வாசன இல்லையே"னு நம்பி இறங்கறவங்க தான் செத்து போறாங்க. செயின் பிளாக் (சங்கிலி வெச்சு பாரம் தூக்குற கருவி) போட்டு பம்ப்ப மேல தூக்க சொல்லுங்க. திட்டினாலும் பரவால்ல.

ஸ்டெப் 4: கப்ளிங் அலைன்மென்ட்

மோட்டார் ஷாஃப்டும் பம்ப் ஷாஃப்டும் ஒரே நேர்கோட்டுல இருக்கணும், அதுக்கு பேர் அலைன்மென்ட். என்ன படுத்தின வேலை இது தான். கூலிங் வாட்டர் பம்ப், 1440 ஆர்.பி.எம் மோட்டார், நடுவுல ரெண்டு ஷாஃப்டையும் இணைக்கிற பின் புஷ் கப்ளிங் (பின் மேல ரப்பர் புஷ் போட்டது). புஷ் மாத்தி ஒரு வாரம் கூட ஆவல, பேஸ் பிளேட் மேல மிளகு தூள் மாதிரி கறுப்பா ரப்பர் கொட்டி கிடக்கும். மட்டமான ரப்பர்னு நெனச்சு மூணு தடவ மாத்தினேன். ஸ்டீல் ஸ்கேல் வெச்சு பாத்தா நேரா தான் தெரிஞ்சுது. அப்ப தான் எங்க ஃபோர்மேன் டயல் கேஜ (சின்ன வித்தியாசத்தையும் ஊசில காட்டுற கருவி) கைல குடுத்தாரு.

மேக்னடிக் பேஸ மோட்டார் பக்கத்து கப்ளிங்ல ஒட்டி, டயல் முனைய பம்ப் பக்கத்து கப்ளிங் விளிம்பு மேல வெச்சு, மேல இருக்கும்போது ஜீரோ செட் பண்ணணும். ரெண்டு ஷாஃப்டையும் சேத்து சுத்தி கீழ கொண்டு வரணும். மைனஸ் 0.40 மி.மீ காட்டிச்சு, அதாவது மோட்டார் தாழ்ந்திருக்கு. சரின்னு மோட்டார் நாலு காலுக்கும் அடியில 0.40 ஷிம் (மெல்லிசான தகடு) வெச்சு டைட் பண்ணி திரும்ப சுத்தினா ப்ளஸ் 0.40! ரெண்டு மணி நேரம் கழட்டி கழட்டி மாட்டினேன், சட்டை பிழிஞ்சா தண்ணி கொட்டும், மே மாச வெயில் வேற. ஃபோர்மேன் வந்து பாத்துட்டு, "இன்னாப்பா, டயல் ரெண்டு பக்கமும் சேத்து காட்டுது, பாதி தான் உன் கணக்கு"னு சொன்னாரு.

ஸ்போக் வீல் கோட்டம் எடுத்தவங்களுக்கு இது உடனே புரியும். ரிம் சென்டர்ல இருந்து 1 மி.மீ மேல தள்ளி இருந்தா, ஒரு பக்கம் 1 கூடும், எதிர் பக்கம் 1 குறையும், ஊசி மொத்தமா 2 ஆடும். அதே தான் இங்கயும். 0.40 காட்டினா ஷிம் 0.20. போட்டேன், ஜீரோவுக்கு பக்கத்துல வந்துச்சு. இத முதல்லயே யாராவது வீல் கணக்குல சொல்லி இருந்தா அந்த ரெண்டு மணி நேரம் மிச்சம் ஆயிருக்கும்.

மேல கீழ முடிச்சிட்டு தான் பக்கவாட்டு. அதுக்கு ஷிம் கிடையாது, மோட்டார தட்டி நகத்தணும். கப்ளிங் முகத்துல கேப் சரியான்னு மேல, கீழ, ரெண்டு பக்கம்னு நாலு இடத்துல ஃபீலர் விட்டு பாருங்க. போல்ட்ட குறுக்கு குறுக்கா டைட் பண்ணுங்க, சிலிண்டர் ஹெட் டைட் பண்ற மாதிரி.

ஷிம் விஷயத்துல நான் கறார். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஷிம் மட்டும் தான். கூல் டிரிங்ஸ் டின்ன வெட்டி வெக்கிறத நிறைய இடத்துல பாத்துட்டேன், அது அமுங்கிடும், ஒரு மாசத்துல திரும்ப அதே வேலை. மெல்லிசா ஏழெட்டு அடுக்குறதும் ஸ்பிரிங் மாதிரி ஆயிடும், மூணு நாலுக்கு மேல போகாதீங்க.

பின் சேர்க்கை: ஆம்பூர் தம்பி ஒருத்தர் "டயல் ஜீரோ வருது, போல்ட்ட டைட் பண்ணா மாறிடுது அண்ணா"னு எழுதி இருந்தாரு. அது சாஃப்ட் ஃபுட். மோட்டாரோட நாலு கால்ல ஒண்ணு சரியா உக்காரல, ஆடுற ஸ்டூல் மாதிரி. நாலு போல்ட்டையும் டைட் பண்ணிட்டு ஒவ்வொண்ணா லூஸ் பண்ணி அந்த கால் அடியில 0.05 ஃபீலர் போகுதான்னு பாருங்க. போச்சுன்னா அந்த ஒரு காலுக்கு மட்டும் ஷிம். டேப்பட்டுக்கு வாங்கி வெச்ச அதே ஃபீலர் கேஜ் போதும், புதுசு வேணாம். இத ஸ்டெப் 4க்கு முன்னாடியே எழுதி இருக்கணும், எழுதாதது என் தப்பு.

இன்னொரு சேர்க்கை: வாலாஜால இருந்து ஒருத்தர், சாஃப்ட் ஃபுட்டும் பாத்தாச்சு, ரெண்டு நாள் ஓடினா அலைன்மென்ட் போகுதுன்னாரு. பைப்ப சந்தேகப்படுங்கன்னு சொன்னேன். டயல மாட்டி வெச்சுகினு பம்ப் ஃபிளாஞ்ச் (பம்ப்போட பைப் சேர்ற இடம்) போல்ட்ட மெதுவா லூஸ் பண்ணணும், ஊசி நகந்துச்சுன்னா பைப் பம்ப்ப இழுத்து புடிச்சிருக்குன்னு அர்த்தம். பைக்ல சைலன்சர் பின் போல்ட்ட முதல்ல டைட் பண்ணிட்டு முன்னாடி ஃபிளாஞ்ச இழுத்து மாட்டினா ஸ்டட் உடையும்ல, அதே கதை. அவருக்கு ஊசி 0.30 நகந்துச்சாம். டெலிவரி லைன்ல சப்போர்ட் கிளாம்ப் கழண்டு தொங்கி இருக்கு, அத தூக்கி மாட்டினதுக்கு அப்புறம் இது மூணாவது மாசம், புஷ் அப்படியே இருக்குன்னு நேத்து போட்டோ அனுப்பினாரு, பேஸ் பிளேட் மேல ஒரு துளி கறுப்பு தூள் இல்ல.