விந்தகத்தைக் கதிர்வீச்சிலிருந்து காப்பதில் நடக்கும் தவறுகள்

புற்றுநோய் என்று உறுதியான வாரத்தில், பின்னாளில் குழந்தை பெறுவது பற்றி யாரும் யோசிப்பதில்லை. "முதலில் உயிர் பிழைக்கட்டும், மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். அந்த "அப்புறம்"தான் எல்லாத் தவறுகளிலும் பெரியது. விந்தணுவைச் சேமித்து வைக்க வேண்டிய நேரம், ரேடியோதெரபியோ கீமோவோ தொடங்குவதற்கு முன்புதான். தொடங்கிய பிறகு வரும் விந்தணுக்களின் மரபுப்பொருள் சேதப்பட்டிருக்கலாம்.

இரண்டு மூன்று நாள் இடைவெளியில் சில மாதிரிகள் கொடுக்க முடிந்தால் நல்லது. அவசரம் என்றால் ஒன்று கொடுத்தாலும் பயனுண்டு. அதை மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் பல ஆண்டுகள் வைத்திருக்கலாம். எண்ணிக்கை குறைவு என்று ரிப்போர்ட் வந்ததும் "இனி எதற்கு" என்று விட்டுவிடுகிறார்கள். விந்தணுவை ஊசியால் நேராக முட்டைக்குள் செலுத்தும் இக்ஸி முறையில் ஒரு முட்டைக்கு ஒரே ஒரு விந்தணு போதும். விந்தில் அணுவே இல்லாவிட்டாலும், விந்தகத்திலிருந்து நேரடியாக எடுத்துப் பார்க்க வழியுண்டு. டாக்டர் இந்தப் பேச்சை எடுக்கவில்லை என்றால் நீங்களே கேளுங்கள். நோயாளி பதினைந்து வயதுப் பையன் என்றால், பெற்றோர் சற்று நேரம் வெளியே இருப்பது நல்லது. அவர்கள் முன்னால் அவன் வாய் திறக்க மாட்டான். பருவமடையாத சிறுவர்களுக்கு விந்தகத் திசுவை உறையவைப்பது இன்னும் ஆய்வு நிலையில்தான் இருக்கிறது.

அடுத்த தவறு, "கொஞ்சம் கொஞ்சமாகத்தானே கொடுக்கிறார்கள், ஒன்றும் ஆகாது" என்ற நம்பிக்கை. உடலின் பெரும்பாலான திசுக்களுக்கு இது பொருந்தும். விந்தகத்தில் கதை தலைகீழ். மொத்தமாக ஒரே தடவை வாங்குவதைவிட, அதே அளவைப் பல தவணைகளில் வாங்குவதுதான் இங்கே அதிகச் சேதம் செய்கிறது. விந்தணுக்களை உருவாக்கும் மூலச்செல்கள் (ஸ்டெம் செல்கள்) ஓய்வில் இருந்து, முதல் தவணைக்குப் பிறகு பெருகத் தொடங்கி, அந்த மென்மையான நேரத்தில் அடுத்த தவணையில் மாட்டிக்கொள்கின்றன என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். சுமார் 0.15 கிரே (திசு வாங்கும் கதிரின் அலகு) அளவே விந்தணு எண்ணிக்கையைத் தற்காலிகமாகக் குறைக்கும். அதனால் இடுப்பு, தொடை, தொடையிடுக்கு ஆகிய பகுதிகளுக்குச் சிகிச்சை என்றால், சிதறி வரும் கதிர்கூட இங்கே கணக்கில் சேரும். கிண்ணம் போல விந்தகத்தை மூடும் ஈயக் கவசம் உண்டா, ஒவ்வொரு நாளும் அதைச் சரியான இடத்தில் வைக்கிறார்களா என்று கேளுங்கள். உடலுக்குள்ளேயே சிதறி வருவதை அது முழுதாகத் தடுக்காது. ஆகவே கவசம் இருக்கிறதே என்று விந்தணுச் சேமிப்பைக் கைவிட வேண்டாம்.

சிகிச்சை முடிந்து ஒரு மாதத்தில் பரிசோதித்து, எண்ணிக்கை நன்றாக இருக்கிறது என்று நிம்மதி அடைவதும் தவறு. முதிர்ந்த விந்தணுக்கள் கதிரை ஓரளவு தாங்கிவிடும். அடிபடுவது மூலச்செல்கள். ஒரு விந்தணு உருவாக இரண்டு மாதங்களுக்கு மேல் ஆவதால் சரிவு தாமதமாகத்தான் தெரியும். எதிர்ப்பக்கமும் உண்டு: அணுவே இல்லை என்று வந்தால் அது நிரந்தரம் என்று பொருளல்ல, சில ஆண்டுகள் கழித்துக்கூடத் திரும்பலாம். அதனால் டாக்டர் சொல்லும் காலம்வரை கருத்தடை தேவை.

ஆண்மை குறையவில்லையே என்பதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். டெஸ்டோஸ்டிரோன் சுரக்கும் செல்கள் பல மடங்கு அதிகக் கதிரைத் தாங்கும். ஆசை அப்படியே இருக்கும், விந்தணு இருக்காது. சோர்வாக இருக்கிறது என்று தானாக டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்வது இன்னும் மோசம், இருக்கிற உற்பத்தியையும் அது அடக்கிவிடும். விந்தகத்தைக் காக்கும் என்று சொல்லி விற்கும் ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரைகளுக்கு மனிதர்களில் போதிய ஆதாரமில்லை. ரேடியோதெரபி நடக்கும்போது டாக்டரிடம் கேட்காமல் அவற்றை விழுங்கக் கூடாது.

தைராய்டுக்குக் கதிரியக்க அயோடின் எடுப்பவர்கள் சிறுநீரை அடக்கி வைக்கக் கூடாது. சிறுநீர்ப்பையில் தேங்கும் அயோடின் பக்கத்திலிருக்கும் விந்தகத்துக்கும் கதிர் தரும். நிறையத் தண்ணீர் குடித்து அடிக்கடி கழியுங்கள். குறைந்தது நான்கு மாதங்கள் கழித்தே குழந்தைக்கு முயல வேண்டும்.

சாதாரண எக்ஸ்ரேவுக்குப் பயந்து தேவையான பரிசோதனையைத் தள்ளிப்போடுபவர்களும் இருக்கிறார்கள். மார்பு எக்ஸ்ரேயில் விந்தகத்துக்குப் போகும் அளவு மிகமிகச் சொற்பம். எக்ஸ்ரே அறையில் வழக்கமாக ஈயக் கவசம் போடுவதை நிறுத்தலாம் என்று அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கமே 2019-இல் சொல்லிவிட்டது. ரேடியோதெரபிக்கு அந்த அறிவுரை பொருந்தாது.